காலாவதியானாலும் பரவாயில்லை, கையில் இருக்கட்டும்: தொண்டை அடைப்பான் மருந்து குறித்து ஒரு திறந்த மடல்

உலக சுகாதார நிறுவனத்தில் மருந்து இருப்பைத் திட்டமிடுவோருக்கும், சுகாதார அமைச்சகங்களில் கொள்முதல் கோப்புகளில் கையெழுத்திடுவோருக்கும், சீரம் தயாரிக்கும் நிறுவனங்களை நடத்துவோருக்கும்,

வணக்கம்.

டிப்தீரியா என்கிற தொண்டை அடைப்பான் நோய்க்கு நச்சுமுறிவு மருந்து ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அதற்கு இடமும் உண்டு. பல நாடுகளின் மருந்துக் கிடங்குகளில்தான் அது இல்லை. குழந்தை மருத்துவம் பார்க்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். இந்த மருந்து வேண்டும் என்று ஒரு மருத்துவர் தொலைபேசியை எடுக்கும்போது, கடிகாரம் ஏற்கெனவே அவருக்கு எதிராக ஓடத் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில் அவர் தேட வேண்டியிருப்பது மருந்து ஏற்ற நோயாளியின் ரத்தக்குழாயையா, மருந்து வைத்திருக்கும் நாட்டையா என்பதைத் தீர்மானிப்பவர்கள் நீங்கள்.

"ஆன்டிபயாட்டிக்தான் மலிவாகக் கிடைக்கிறதே, பிறகு இது எதற்கு?" என்று கேட்பது இயல்புதான். பாக்டீரியாவால் வரும் நோய், பாக்டீரியாவைக் கொல்ல மருந்து இருக்கிறது, கோப்பை மூடிவிடலாம் என்று தோன்றும். இந்த நோயில் அப்படி மூட முடியாது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் கேட்கப்போவது எல்லாமே இதன்மேல்தான் நிற்கிறது.

கோரினிபாக்டீரியம் டிப்தீரியே தொண்டையிலேயே குடியிருக்கும் கிருமி. பெரும்பாலும் அது ரத்தத்தில் கலப்பதில்லை. டான்சிலின் மேலும் அண்ணத்தின் மேலும் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படரும். அதை உரிக்கப் பார்த்தால் ரத்தம் கசியும். படலம் குரல்வளைக்குள் இறங்கினால் மூச்சு அடைபடும். கழுத்து இருபுறமும் வீங்கிக் காளையின் கழுத்தைப்போல் ஆகிவிட்டால் நோய் முற்றிவிட்டது என்று பொருள். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. தொண்டையில் இருந்தபடியே அந்தக் கிருமி சுரக்கும் நச்சுப் புரதம் ரத்தத்தில் கலந்து இதயத் தசைக்கும் நரம்புகளுக்கும் போய்ச் சேருவது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. தொண்டை ஆறி, காய்ச்சல் இறங்கி, வீட்டுக்குப் போகலாமா என்று பெற்றோர் கேட்கும் இரண்டாவது வாரத்தில் இசிஜி கோணலாகத் தொடங்கும். சில குழந்தைகளுக்குக் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வரும். குரல் மூக்கால் பேசுவதுபோல் மாறும். அண்ணத்தை அசைக்கும் நரம்பு செயலிழந்ததன் அடையாளம் அது. கை கால் தளர்ச்சி பல வாரங்கள் கழித்தும் வரலாம்.

அந்த நச்சின் வேலைமுறை கச்சிதமானது. அதற்கு இரண்டு பகுதிகள். ஒரு பகுதி செல்லின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு வழி திறக்கும். மற்றொரு பகுதி உள்ளே நுழைந்து, புரதம் தயாரிக்கச் செல்லுக்குத் தேவைப்படும் இஎஃப்-2 என்ற காரணியை முடக்கும். புரதம் தயாரிக்க முடியாத செல் செத்துப்போகும். உள்ளே நுழையும் பகுதியின் ஒரே ஒரு மூலக்கூறு ஒரு செல்லைக் கொல்லப் போதும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 1978இல் காட்டினார்கள். ஒரு மனிதரைக் கொல்ல, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் அளவே போதும் என்பது பாடநூல்கள் சொல்லும் கணக்கு. இவ்வளவு கொடிய நச்சுக்கான மரபணு அந்தக் கிருமியின் சொந்தச் சொத்துகூட இல்லை. பாக்டீரியாவைத் தொற்றும் ஒரு வைரஸ் அதைக் கொண்டுவந்து சேர்க்கிறது. 1951இல் விக்டர் ஃப்ரீமன் இதைக் கண்டறிந்தார். அந்த வைரஸ் தொற்றாத கிருமி பெரும்பாலும் தொண்டை வலியோடு விட்டுவிடும்.

இப்போது ஆன்டிபயாட்டிக்குக்கு வருவோம். அது கிருமியைக் கொல்லும், மேற்கொண்டு நச்சு சுரப்பதை நிறுத்தும், அடுத்தவருக்குப் பரவுவதைத் தடுக்கும். மூன்றும் தேவையானவை. பென்சிலினைவிட எரித்ரோமைசின், அசித்ரோமைசின் வகை மருந்துகளையே முதலில் பயன்படுத்துமாறு உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது, நல்லது. ஆனால் ஏற்கெனவே ரத்தத்தில் கலந்துவிட்ட நச்சை எந்த ஆன்டிபயாட்டிக்காலும் தொட முடியாது. அதைப் பிடித்து முடக்குவது நச்சுமுறிவு மருந்து மட்டும்தான். அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது: செல்லுக்குள் நுழையாமல் வெளியே சுற்றிக்கொண்டிருக்கும் நச்சைத்தான் அதனால் பிடிக்க முடியும். நுழைந்துவிட்டால் கைநழுவிப்போனதுதான். அதனால்தான் ஆய்வக முடிவுக்குக் காத்திருக்காமல், சந்தேகம் வலுவாக இருந்தாலே கொடுத்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு வழிகாட்டியும் சொல்கிறது. ஒரு நாள் தாமதமும் உயிரிழப்பைக் கூட்டும். "மூன்று நாளில் வரவழைத்துத் தருகிறோம்" என்று நீங்கள் சொல்லும்போது, மருந்தின் பாதிப் பயனைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருகிறீர்கள்.

இந்த மருந்து வேலை செய்யுமா என்ற ஐயம் யாருக்கும் இருக்கத் தேவையில்லை. 1890இல் பெர்லினில் பேரிங்கும் கிட்டாசாட்டோவும் நச்சுக்கு எதிரான சீரத்தை, அதாவது நச்சை முடக்கும் புரதம் உள்ள ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியை, விவரித்தார்கள். மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு, 1901இல், அதற்காகத்தான் பேரிங்குக்குப் போனது. கிட்டாசாட்டோவின் பெயர் ஏன் விடுபட்டது என்பது தனிக் கதை. 1894இல் பாரிசில் எமில் ரூ குதிரைச் சீரத்தைப் பயன்படுத்தியபோது, அதுவரை சேர்க்கப்பட்டவர்களில் பாதிப் பேரை இழந்துகொண்டிருந்த குழந்தைகள் மருத்துவமனையில், இறப்போர் சேர்க்கப்பட்டவர்களில் ஏறத்தாழக் கால்வாசிப் பேராகக் குறைந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது கோபன்ஹேகனில் யோஹானெஸ் ஃபிபிகர் செய்த சோதனை. ஒரு நாள் சேர்ந்தவர்களுக்குச் சீரம், மறுநாள் சேர்ந்தவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும் என்று ஓராண்டு முழுக்க மாற்றி மாற்றிச் செய்து, 1898இல் முடிவை வெளியிட்டார். சீரம் பெற்ற 239 பேரில் 8 பேர் இறந்தார்கள். பெறாத 245 பேரில் 30 பேர். மருத்துவத்தில் முறையாக ஒப்பிட்டுப் பார்த்த முதல் சோதனைகளில் ஒன்றாக இது கருதப்படுகிறது. ஃபிபிகருக்குப் பின்னாளில் நோபல் பரிசும் கிடைத்தது, ஆனால் இதற்காக அல்ல. புழுக்களால் புற்றுநோய் வருகிறது என்ற, பிற்பாடு தவறென்று தெரிந்த ஒரு முடிவுக்காக. பரிசுக் குழுக்களும் சில சமயம் தவறான கோப்பில் கையெழுத்திடுகின்றன.

ஆக, மருந்தின் திறன் 19ஆம் நூற்றாண்டிலேயே நிரூபணமாகிவிட்டது. சிக்கல் என்னவென்றால் தயாரிப்பு முறையின் அடிப்படையும் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக டாக்ஸாய்டு (கொடுமை நீக்கப்பட்ட நச்சு) செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் ஏறும் வரை காத்திருந்து, ரத்தம் எடுத்து, சுத்திகரித்து, வீரியம் அளந்து, குப்பியில் அடைக்க வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். கொள்ளைநோய் வந்த பிறகு கூடுதல் ஆர்டர் கொடுத்தால் மருந்து வந்து சேரும்போது நோய் ஊரைச் சுற்றி முடித்திருக்கும். குதிரைப் புரதம் என்பதால் சிலருக்குக் கடும் ஒவ்வாமை வரலாம். ஒரு வாரம், பத்து நாள் கழித்துச் சீரம் நோய் என்ற காய்ச்சலும் மூட்டுவலியும் வரலாம். பாதுகாப்பு விதிகள் இந்த மருந்தை விடாமல் துரத்தி வந்ததற்கும் காரணம் இருக்கிறது. 1901இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிசில், டெட்டனஸ் வந்திருந்த ஒரு குதிரையின் சீரத்தால் 13 குழந்தைகள் இறந்தார்கள். உயிரியல் மருந்துகளைக் கட்டுப்படுத்தும் அமெரிக்கச் சட்டம் அடுத்த ஆண்டே வந்தது அதன் விளைவாகத்தான். விதிகளைத் தளர்த்தச் சொல்லி நான் கேட்கவில்லை. அவற்றைக் கடைப்பிடித்துத் தயாரிப்பவருக்குக் கட்டுப்படியாகிற விலையும் நிச்சயமான ஆர்டரும் வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன்.

அது இல்லாததால்தான் தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். தடுப்பூசி வெற்றி பெற்றது, நோயாளிகள் குறைந்தார்கள், ஆர்டர் குறைந்தது, குதிரை லாயங்கள் மூடப்பட்டன. இன்று உலகம் முழுமைக்கும் இதைத் தயாரிப்போர் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கிறார்கள். இதில் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. வாங்குவதற்கு ஆளில்லாத பொருளை எந்த நிறுவனமும் தயாரிக்காது. ஆனால் வாங்காமல் இருந்தது யார் என்று கேட்டால், அமைச்சக நண்பர்களே, விரல் உங்கள் பக்கம்தான் நீளும்.

1925இல் அலாஸ்காவின் நோம் ஊருக்குச் சீரம் கொண்டுபோன பனிச்சறுக்கு வண்டி நாய்களின் கதையை எல்லோரும் அறிவார்கள். ஏறத்தாழ 20 ஓட்டிகள், 674 மைல், ஐந்தரை நாள். நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் பால்டோ என்ற நாய்க்குச் சிலையும் இருக்கிறது. வீரம் நிறைந்த கதைதான், மறுக்கவில்லை. அதன் முதல் அத்தியாயத்தைத்தான் யாரும் படிப்பதில்லை. அந்த ஊர் மருத்துவரிடம் இருந்த சீரம் காலாவதியாகியிருந்தது. புதியதை அவர் முந்தைய ஆண்டே கேட்டிருந்தார். கடல் உறைந்து துறைமுகம் மூடுவதற்குள் அது வந்து சேரவில்லை. நாய்கள் ஓட நேர்ந்தது ஒரு கொள்முதல் தாமதத்தால். 90 ஆண்டுகள் கழித்து, 2015இல், ஸ்பெயினில் தடுப்பூசி போடப்படாத 6 வயதுக் குழந்தைக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. அந்த நாடு இந்த நோயைப் பல பத்தாண்டுகளாகப் பார்த்ததில்லை. மருந்தை ரஷ்யாவிலிருந்து தருவிக்க வேண்டியிருந்தது. குழந்தை பிழைக்கவில்லை. மருந்து பக்கத்து அறையில் இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் வசதியுள்ள ஐரோப்பாவுக்கே அந்த நிலை என்றால் மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று யோசியுங்கள். 2017இன் இறுதியில் வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் ரோஹிங்கியா அகதி முகாம்களில் ஆயிரக்கணக்கானோருக்கு நோய் பரவியபோது மருந்து எல்லோருக்கும் போதவில்லை. யாருக்குக் கொடுப்பது, யாரைத் தள்ளிவைப்பது என்று படுக்கை அருகே நின்று முடிவெடுக்க வேண்டிய நிலைக்கு மருத்துவர்கள் தள்ளப்பட்டார்கள். அந்த முடிவை அவர்கள்தான் எடுத்தார்கள் என்றாலும், அதற்கான சூழல் பல ஆண்டுகளுக்கு முன்பே கொள்முதல் கூட்டங்களில் உருவாகிவிட்டது.

என் முதல் கோரிக்கை பணத்தைவிடக் கணக்குப் பழக்கத்தைப் பற்றியது. பயன்படாமல் காலாவதியான மருந்தைத் தணிக்கையாளர்கள் "வீண் செலவு" என்று குறிக்கிறார்கள். அந்தக் குறிப்புக்குப் பயந்து அதிகாரிகள் அடுத்த முறை குறைத்து வாங்குகிறார்கள், அதற்கடுத்த முறை வாங்குவதே இல்லை. நச்சுமுறிவு மருந்துக்கு இந்த அளவுகோல் பொருந்தவே பொருந்தாது. ஒரு குப்பி திறக்கப்படாமலே காலாவதியானது என்றால் அந்த ஆண்டு யாருக்கும் அது தேவைப்படவில்லை என்றுதான் பொருள். அதைவிட நல்ல செய்தி எது? ஆகவே இதைத் தணிக்கையிலிருந்து தனியே பிரித்து, காத்திருப்பு மருந்து என்று ஒரு தலைப்பின் கீழ், காலாவதியாகும் என்று தெரிந்தே வாங்கும் அனுமதியை எழுத்தில் கொடுங்கள். கையெழுத்திடும் அதிகாரிக்குப் பிற்பாடு விளக்கக் கடிதம் எழுதும் வேலை வரக் கூடாது.

ஒரு நோயாளிக்கு, நோயின் கடுமையையும் தொடங்கி எத்தனை நாளாயிற்று என்பதையும் பொறுத்து, 20,000 அலகிலிருந்து 100,000 அலகு வரை தேவைப்படலாம். தனியாக வாங்கச் சிறிய நாட்டுக்குக் கட்டுப்படியாகாது என்பது உண்மைதான். அதற்குத்தான் கூட்டு இருப்பு. அண்டை நாடுகள் சேர்ந்து ஒரே கிடங்கில் வைத்து, சுங்கத் தாள்களை முன்கூட்டியே தயாராக வைத்து, இரவு 2 மணிக்கும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. நிறுவனங்களிடம் ஐந்தாண்டு, பத்தாண்டு ஒப்பந்தம் போடுங்கள். அவ்வப்போது கெஞ்சி நாலு பெட்டி கேட்கும் வாடிக்கையாளருக்காக யாரும் குதிரை வளர்க்க மாட்டார்கள்.

சீரம் நிறுவனங்களுக்கும் ஆய்வுக்குப் பணம் தருவோருக்கும் தனியாக ஒரு சொல். குதிரையே இல்லாமல், ஒற்றை வகை மனித எதிர்ப்புப் புரதத்தால் இந்த நச்சை முடக்க முடியும் என்று ஆய்வகங்கள் கினிப் பன்றிகளில் காட்டிவிட்டன. ஒவ்வாமை அச்சம் குறையும், தொகுப்புக்குத் தொகுப்பு வீரியம் மாறாது, தேவைப்பட்டால் உற்பத்தியையும் கூட்டலாம். அப்படியிருந்தும் அது மருந்தாகி வெளியே வரவில்லை. நோயாளிகள் குறைவு, சிதறிக் கிடக்கிறார்கள், மனிதச் சோதனை கடினம் என்ற காரணம் சொல்லப்படுகிறது. ஆனால் ஆந்த்ராக்ஸ் நச்சுக்கு எதிரான ராக்சிபாகுமாப் என்ற இதே வகை மருந்தை, மனிதருக்கு நோயைக் கொடுத்துச் சோதிக்க முடியாது என்பதால், விலங்குச் சோதனைகளின் பலனை ஏற்று 2012இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதித்தது. அந்த அரசு அதைத் தன் காப்பு இருப்புக்கும் வாங்கிக்கொண்டது. கிருமிப் போர் வரலாம் என்ற அச்சத்துக்கு வாங்க முடிந்தவர்களால், வந்துகொண்டே இருக்கும் ஒரு நோய்க்கு ஏன் வாங்க முடியவில்லை? வழி தெரியாததால் இல்லை. நோயாளிகள் எங்கே வாழ்கிறார்கள் என்பதால்தான் என்று நான் சந்தேகிக்கிறேன். இந்தச் சந்தேகத்தைப் பொய்யாக்கினால் மகிழ்வேன்.

"இத்தனை பணத்தைத் தடுப்பூசியில் போடலாமே" என்ற பதில் வரும் என்று தெரியும். தடுப்பூசிதான் முதன்மை, அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. 1920களில் கஸ்டோன் ரமோன் ஃபார்மலின் சேர்த்து இந்த நச்சின் பல்லைப் பிடுங்கி டாக்ஸாய்டு ஆக்கியதிலிருந்து கோடிக்கணக்கான குழந்தைகள் தப்பியிருக்கிறார்கள். ஆனால் 2023இல் மட்டும் ஏறத்தாழ 1.45 கோடிக் குழந்தைகள் டிப்தீரியா, டெட்டனஸ், கக்குவான் தடுப்பூசியின் ஒரு தவணைகூடப் பெறவில்லை. போட்டவர்களுக்கும் பாதுகாப்பு ஆண்டுகள் செல்லச் செல்லத் தேய்கிறது. சோவியத் யூனியன் சிதறிய 1990களில் அங்கே 1.5 லட்சம் பேருக்கு மேல் நோய் வந்து 4,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நோயுற்றவர்களில் பெரியவர்கள் ஏராளம். தடுப்பூசி எட்டாத இடத்துக்குத்தான் நோய் எட்டுகிறது. அங்கே இருக்கும் குழந்தையிடம், உன் பங்குப் பணத்தைத் தடுப்பூசிக்குச் செலவிட்டோம் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் தடுப்பூசியும் அந்தக் குழந்தைக்குக் கிடைக்கவில்லை. நோயிலிருந்து பிழைத்து எழுந்தவருக்கும் நம்பகமான எதிர்ப்பாற்றல் வருவதில்லை என்பதால், குணமடையும்போது அவருக்கும் தடுப்பூசி தேவை. டிஸ்சார்ஜ் சீட்டில் இந்த ஒரு வரியைச் சேர்க்க எந்தச் செலவும் இல்லை.

நீங்கள் பதில் எழுதுவீர்கள் என்றால் "தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்" என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு அமைச்சகமும் தன் இணையதளத்தில் நான்கு விவரங்களை வெளியிடட்டும்: இன்று கையில் எத்தனை அலகு இருக்கிறது, அது எந்தக் கிடங்கில் இருக்கிறது, எந்தத் தேதி வரை செல்லும், எந்த எண்ணை அழைத்தால் நாட்டின் கடைக்கோடி மருத்துவமனைக்கு எத்தனை மணி நேரத்தில் போய்ச் சேரும். இருப்பு பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே போடுங்கள். அதைப் பார்த்தாவது நாங்கள் முன்கூட்டியே அண்டை நாட்டின் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஒரு குழந்தை மருத்துவர்